மேடையில் ஓர் இடம்

கலை நிகழ்ச்சிகளுக்கு மக்கள் வருவதில்லை என்று நமது புதுவை மன்றங்களில் அடிக்கடி வருந்துகிறோம். அனுமதி இலவசம்தானே என்றும் சொல்லிக்கொள்கிறோம். சென்ற ஆண்டு அழைப்பிதழுடன் வைத்திக்குப்பம் சென்றபோது மீன் விற்கும் தாய் ஒருவர் நம்மிடம் கேட்டார்: "பாக்க வர்றோங்கய்யா, எங்க புள்ளைங்க ஆடவும் எடம் உண்டா?"

மேடையில் யாருக்கு இடம் என்பது பழைய வினா. 1922-இல் புதுவையில் மறைந்த சங்கரதாஸ் சுவாமிகள் 1918-இல் மதுரையில் அமைத்த நாடக சபையில் சிறுவர்களே பெண் வேடமும் ஏற்றனர். கட்டைக்கூத்திலும் நெடுங்காலம் ஆடவரே ஆடினர். 2002-இல் காஞ்சிபுரத்தை அடுத்துப் பெருங்கட்டூர் இராஜகோபாலும் ஹன்னே டி புருயினும் தொடங்கிய கூத்துக் குருகுலம் சிறுமியரையும் சேர்த்துக்கொண்டது. 2020-இல் மூடப்படும்வரை கூத்துடன் பள்ளிக் கல்வியும் அளித்தது. கலைக்காகப் படிப்பை இழக்கும் நிலை அங்கே இல்லை. கதவைத் திறந்ததோடு நில்லாமல், தடை எதுவெனக் கண்டு அகற்றிய பணி அது.

நம் மன்றங்கள் செய்யவேண்டியதும் இதுவே அன்றோ? மாலைப்பொழுது மீன் விற்கும் நேரமெனில், நிகழ்ச்சி நேரம் மாறட்டும். நிகழ்ச்சிகளைத் தேர்ந்தெடுக்கும் குழுவில் அத்தாயும் அமரட்டும். தம் பிள்ளைகள் ஆடும் மேடைக்குக் குப்பத்தார் தாமே வருவர்.