தும்பிக்கை ‘லை’ போன வருஷம்

திண்டிவனத்திலிருந்து மரக்காணம் போகிற வழியில் இருக்கிறது பெருமுக்கல் மலை. மேலே முக்தியாசலேஸ்வரர் கோயில். அங்குள்ள சோழர் காலக் கல்வெட்டுகளை விரலால் தடவித் தடவி, ‘இந்த எழுத்துக்கெல்லாம் ஏன் புள்ளியே இல்லை?’ என்று யோசித்த அடிவாரத்துப் பையனுக்கு இப்போது அறுபது தாண்டிவிட்டது. கடை போர்டு எழுதியே குடும்பத்தைக் கரையேற்றியவர்.

அவர் திண்டிவனத்தில் தொழிலுக்குச் சேர்ந்தது 1978-ல். பெரியாரின் எழுத்துச் சீர்திருத்தத்தை அரசு ஏற்று, 13 எழுத்துகள் உருமாறியது அந்த வருஷம்தான். வாத்தியாருக்கு ஒரே எரிச்சல். ‘உப்பு விற்பனை நிலையம்’ என்று எழுதினால் ‘னை’, ‘லை’ இரண்டுக்கும் தலையில் இருந்த தும்பிக்கை போய், முன்னால் தனித்தனிக் கொம்பு வந்துவிட்டது. எழுத்து நீண்டது, தகரம் நீளவில்லையே!

முதல் ஆறு மாசம் பிரஷ்ஷைத் தொட விடவில்லை. தகரத்தை உப்புத்தாளால் தேய்த்து ரெட் ஆக்சைடு அடிக்க வேண்டும், பின்பக்கமும் சேர்த்து. உப்பளக் காற்றுக்கு ஆணி ஓட்டை ஒன்று போதும், அடுத்த மழைக்குள் போர்டு துருவேறிவிடும்.

தமிழ் 5, ஆங்கிலம் 3, பிற மொழி 2 என்ற அரசு அளவெல்லாம் கைக்குப் பழகி, நாலு காசு பார்த்த நேரத்தில் ஃபிளெக்ஸ் வந்தது. அவருக்கு ஒரு நாள் பிடிக்கிற வேலையை மெஷின் ஒரு மணி நேரத்தில் துப்பியது. வீடுகளுக்குப் பெயின்ட் அடிக்கப் போனார். 2018 டிசம்பரில் உயர் நீதிமன்றம் பேனருக்குத் தடை போட்டபோது கொஞ்சம் ஆசை வந்தது. கட்சிக்காரர்களின் சுவர் எழுத்து கிடைத்ததே தவிர, கடைக்காரர்கள் திரும்பவில்லை.

மகள் கோரல்டிரா கற்றுக்கொண்டு ஒரு போர்டு கடையில் டிசைனர் ஆனாள். அப்பாவுக்கு அதில் பாதி சந்தோஷம்தான். ஒருநாள் உப்பு வியாபாரி ஒருவரின் போர்டு டிசைனை போனில் காட்டினாள்.

“மாக்காணம்னு போட்டிருக்கியே?”

“மரக்காணம்தாம்பா!”

“பஸ்ஸுல போறவன் கண்ணுக்கு மாக்காணம்தான்.”

ம-வை ஒட்டி நின்ற ‘ர’வுக்குக் கீழ்வால் குட்டை. எட்ட இருந்து பார்த்தால் துணைக்கால்! கல்வெட்டைப் படிக்கிறவர்களையே திணறடிக்கிற குழப்பம் இது. தரையில் சாக்பீஸால் ‘ர’ போட்டு, வாலை நன்றாகக் கீழே இழுத்துக் காட்டினார்.

“ஃபான்ட்டுல அப்படித்தாம்பா வரும்.”

“வரட்டும். நீ கொஞ்சம் தள்ளி வை, வாலை இழு.”

முனகிக்கொண்டே இழுத்தாள். அப்புறம் எந்த போர்டானாலும் பிரின்ட்டுக்குப் போகுமுன் அவர் போனுக்கு ஒரு படம் வந்துவிடும். அதற்குக் கூலி கிடையாது. அவரும் கேட்டதில்லை.

அந்த போர்டு மாட்டிய அன்று மரக்காணத்துக்கு பஸ் ஏறினார். முன்னால் ஒரு பார்வை, அவ்வளவுதான். நேரே பின்பக்கம் போய் இரும்பு ஃபிரேமை நகத்தால் சுரண்டினார். வெறும் இரும்பு, பிரைமரே இல்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, வேண்டாம் என்ற மகளையும் கூட்டிக்கொண்டு, ஒரு டப்பா ரெட் ஆக்சைடோடு ஏணி ஏறினார்.