வளையத்தைத் திருகினா கார் இறங்கும்... ஸ்பிரிங் இறுகாது!

உங்க ஏரியாவுலயும் அப்படி ஒருத்தர் இருப்பார். கார் வாங்கின மூணாவது மாசமே டயருக்கும் ஃபெண்டருக்கும் நடுவுல இருக்குற இடைவெளி அவர் கண்ணை உறுத்த ஆரம்பிச்சிடும். "நாலு விரல் போகுது பாரு... டிராக்டர் மாதிரி இருக்கு!"ன்னு புலம்புவார். அடுத்து அவர் வாயிலிருந்து வர்ற வார்த்தை 'அட்ஜஸ்டபிள் சஸ்பென்ஷன்'. அந்த ஒருத்தர் நீங்களாவே இருந்தா, பர்ஸைத் திறக்குறதுக்கு முன்னாடி அஞ்சு நிமிஷம் இதைப் படிச்சிடுங்க பாஸ்!

எங்க வீட்டுல அந்த ஒருத்தர், நாமக்கல்லில் இருக்கும் என் பெரியப்பா பையன். வச்சிருக்கிறது ஃபோக்ஸ்வேகன் போலோ ஜிடி டிஎஸ்ஐ. 2022-ல் போலோவுக்கே இந்தியாவில் விடை கொடுத்துட்டாங்க என்பதால், செகண்ட் ஹேண்ட்தான். எப்போதாவது ஒரு ஞாயிற்றுக்கிழமை கோவை கரி மோட்டார் ஸ்பீட்வேயில் சுத்துவார். மத்த நாளெல்லாம் அதே கார்தான் குடும்ப வண்டி. ஆடி 18 வந்தா பெரியப்பா, பெரியம்மா, பாட்டி மூணு பேரும் பின் சீட்டில், பொங்கல் சாமான் டிக்கியில்... கொல்லிமலைக்குக் கிளம்பிடுவாங்க. 70 கொண்டை ஊசி வளைவு!

"நீ மெக்கானிக்கல்தானேடா படிக்கிற? பின்னாடி எந்த ஸ்பிரிங் போடலாம்னு சொல்லு" என்று கேட்டார் அண்ணன். கடையில் 40, 50, 60 என்று மூணு வகை இருந்தது. ஒரு மில்லிமீட்டர் அமுக்க எத்தனை நியூட்டன் விசை வேணும் என்பதுதான் அந்த நம்பர். அண்ணன் மனசுல முடிவு ஏற்கனவே ரெடி. 60 போடணும், 40 மில்லிமீட்டர் இறக்கணும். "ஹார்டா இருந்தாத்தான் ரேஸ் கார். வேணாம்னா வளையத்தைத் திருகி சாஃப்ட் ஆக்கிக்கலாம்ல?"

இங்கேதான் நிறைய பேர் ஏமாறுறாங்க. போலோ மாதிரி கார்களில் பின்பக்கம் ஸ்பிரிங் தனி, ஷாக் அப்சார்பர் தனி. அட்ஜஸ்டபிள் கிட்டில் ஸ்பிரிங் உட்காரும் தட்டுக்கு மரை போட்டிருப்பாங்க. அதைத் திருகினா தட்டு ஏறும், இறங்கும். கூடவே காரும் ஏறும், இறங்கும். அவ்வளவுதான்! ஸ்பிரிங்கின் கடினம் கம்பியின் தடிமன், சுருளின் விட்டம், சுத்துகளின் எண்ணிக்கை, இந்த மூணுக்குள்ளதான் இருக்கு. 10 மில்லிமீட்டர் கம்பியை 11 ஆக்கினா கடினம் 46 சதவிகிதம் ஏறிடும். தடிமனின் நாலாம் அடுக்குல ஏறுற சமாச்சாரம் அது. நீங்க தட்டை நாள் பூரா திருகினாலும் இதுல ஒண்ணும் மாறாது.

சரி, எது சரியான ஸ்பிரிங்? அதுக்கு முதல்ல காரின் எடை தெரியணும். லாரி ஊரான நாமக்கல்லில் எடை மேடைக்கா பஞ்சம்? லாரிகளுக்கு நடுவுல போலோவை ஏத்தினோம். மேடைக்காரர் ஒரு மாதிரியா பார்த்தார். பின் சக்கரங்கள் மட்டும் மேடை மேல. அண்ணன் தனியா இருந்தப்போ 470 கிலோ. குடும்பமே சாமானோட ஏறினப்போ 670. இதுல சக்கரம், பிரேக், பின் பீமில் ஒரு பங்கு எல்லாம் சேர்த்து சுமார் 70 கிலோ ஸ்பிரிங்குக்குக் கீழே இருக்கு. அதைக் கழிச்சா ஒரு ஸ்பிரிங் தாங்குறது அண்ணன் மட்டும்னா 200 கிலோ, குடும்பத்தோடன்னா 300.

அடுத்து, பாடியை ஸ்டாண்டில் நிறுத்திட்டு ரெண்டு பின் சக்கரத்தையும் ஜாக்கியால் 50 மில்லிமீட்டர் தூக்கினோம். ஸ்பிரிங் சுருங்கினது 40 மில்லிமீட்டர்தான். அதாவது 0.8 பங்கு. இதை வர்க்கம் பண்ணணும், 0.64. அப்போ கடையில் '60' என்று விற்கிற ஸ்பிரிங், சக்கரத்துக்கு வெறும் 38 மாதிரிதான் தெரியும். 50 போட்டா 32. 40 போட்டா 26-க்கும் கொஞ்சம் கீழே.

இப்போ கொஞ்சம் பிளஸ் டூ பிசிக்ஸ், பயப்படாதீங்க! சக்கரத்துல கிடைக்கிற கடினத்தை எடையால வகுத்து, வர்க்கமூலம் எடுத்து, 6.28-ஆல வகுத்தா, கார் ஒரு செகண்டுக்கு எத்தனை தடவை துள்ளும்னு வரும். சொகுசான குடும்பக் கார்கள் 1-லிருந்து 1.5 ஹெர்ட்ஸ். ஸ்போர்ட்ஸ் கார்கள் 2-ஐ ஒட்டி. ரேஸ் கார்கள் அதுக்கும் மேல. 60 ஸ்பிரிங்கில் அண்ணன் தனியா போனா 2.2 ஹெர்ட்ஸ். பாட்டிக்கு இடுப்பு வலி கேரண்டி! 40 போட்டா 1.8. ஆனா குடும்பம் ஏறினதும் கார் 38 மில்லிமீட்டர் உட்கார்ந்திடும்.

இந்த உட்காருற விஷயத்துலதான் உயிரே இருக்கு. எங்க அளவுப்படி, அண்ணன் மட்டும் இருக்கும்போது சஸ்பென்ஷன் பம்ப் ஸ்டாப் ரப்பரில் இடிக்க இன்னும் 60 மில்லிமீட்டர் இருந்தது. அண்ணன் ஆசைப்படி 40 இறக்கினா மிச்சம் 20. 60 ஸ்பிரிங்கே போட்டாலும் குடும்பம் ஏறினா கார் 25 இறங்கும். அப்போ கார் ஸ்பிரிங் மேல இல்லை, ரப்பர் மேல உட்கார்ந்திருக்கும்! அந்த நிலைமையில வளைவுக்குள்ள போனா, வெளிப்பக்கப் பின் சக்கரத்துக்கு அமுங்க இடமே கிடையாது. பின்பக்கம் திடீர்னு கல்லா இறுகி, டயர் பிடியை விட்டுடும். மழை பெஞ்ச மலைப்பாதையில, வளைவுக்கு நடுவுல ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தீங்கன்னா, காரின் பின்பக்கம் முன்னாடி போகப் பார்க்கும். டிராக்குல அப்படி நடந்தா புல்வெளி. கொல்லிமலையில?

அதுக்காகப் பின்பக்கம் இறுகுறதே தப்புன்னு சொல்லலை. முன்சக்கரம் இழுக்கிற கார் வளைவுல நேராவே போகத் துடிக்கும். பின் ஸ்பிரிங் கொஞ்சம் கடினமானா அந்தப் பிடிவாதம் குறையும். 1930-களில் ஜெனரல் மோட்டார்ஸில் வேலை பார்த்த மாரிஸ் ஆலி என்ற இன்ஜினீயரும், பின்பக்கம் முன்பக்கத்தைவிடக் கொஞ்சம் வேகமா துள்ளணும்னுதான் சொன்னார். ஸ்பீடு பிரேக்கரில் முன்சக்கரம் முதல்ல ஏறுது. 36 கிலோமீட்டர் வேகத்துல பின்சக்கரம் ஏற கால் செகண்ட் லேட். லேட்டா ஆரம்பிச்ச பின்பக்கம் கொஞ்சம் வேகமா ஆடினாத்தான் ரெண்டும் சீக்கிரம் ஒண்ணா அடங்கும். 'கொஞ்சம்' என்பதுதான் முக்கியம்.

எல்லாத்தையும் பேப்பரில் போட்டு அண்ணன் முன்னாடி வச்சேன். 50 ஸ்பிரிங், 15 மில்லிமீட்டர் மட்டும் இறக்கம். தனியா போனா 2 ஹெர்ட்ஸ், டிராக்குக்குப் போதும். குடும்பத்தோட 1.6. உட்காருறது 31 மில்லிமீட்டர், மிச்சம் 14. பெரிய பள்ளத்துல ரப்பரைத் தொடத்தான் செய்யும். ஆனா வளைவுக்குள்ள நுழையும்போதே அதுமேல உட்கார்ந்திருக்காது. "15-தானா? வெளிய தெரியவே தெரியாதேடா!" என்றார். "பெரியம்மாவுக்கும் தெரியக்கூடாதுண்ணா" என்றேன். கொஞ்ச நேரம் பேப்பரையே பார்த்தவர், 50-க்கே ஆர்டர் கொடுத்துட்டார்.

நீங்க வாங்கப் போறீங்கன்னா இன்னும் சில விஷயம். ஸ்பிரிங் மேல அச்சடிச்ச நம்பர் எந்த அலகுன்னு பாருங்க. ஜப்பான் சரக்குல '6' என்பது கிலோ கணக்கு, சுமார் 59 நியூட்டன். அமெரிக்க சரக்குல அதே ஸ்பிரிங் 336 பவுண்டுன்னு இருக்கும். ஸ்பிரிங் இறுகினா அது திரும்பி எகிறுற வேகத்தை அடக்க ஷாக்கும் அதுக்கேத்த மாதிரி வேணும். பழைய ஷாக்கையே விட்டா கார் பந்து மாதிரி துள்ளும். காரை ஜாக்கியில் தூக்கி, சக்கரம் தொங்கும்போது ஸ்பிரிங் தட்டுல லூஸா ஆடுதான்னு பாருங்க. ஆடினா, ஒரு பெரிய பள்ளத்துல கழண்டுக்கலாம். காசு மிச்சம்னு பழைய ஸ்பிரிங்கை வெட்டுறது, கேஸ் வச்சு சூடு காட்டுறது... வேண்டவே வேண்டாம்!

இன்னொண்ணு. தயாரிப்பாளர் கொடுத்து ஆர்.சி.யில் ஏறின விவரங்களுக்கு மாறா வண்டியை மாத்தக் கூடாதுன்னு 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கு. அதனால ரோட்டுல ஓடுற கார்ல கை வைக்கும் முன்னாடி ஆர்.டி.ஓ. ஆபீஸிலும் இன்ஷூரன்ஸ் கம்பெனியிலும் ஒரு வார்த்தை கேட்டுடுங்க.

கடைக்காரர் "எவ்வளவு இறக்கணும் சார்?"னுதான் முதல்ல கேட்பார். நீங்க பதில் சொல்றதுக்கு முன்னாடி, ஒரு எடை மேடை ரசீதை அவர்கிட்ட நீட்டுங்க. பின் சீட்டுல ஆள் உட்கார்ந்தபோது எடுத்த ரசீதா இருக்கட்டும்!