ரெண்டு வருஷம் கொடு

எங்கள் ஊர் ஆண்களின் பொறுமையைப் பார்க்க வேண்டுமென்றால் தமிழ் தலைவாஸைப் பற்றி அவர்கள் பேசும்போது பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். 2017இல் புரோ கபடிக்குள் வந்த அணி அது. முதல் இரண்டு சீசனிலும் தன் பிரிவில் கடைசி. மூன்றாவது சீசனில் பன்னிரண்டு அணிகளில் பன்னிரண்டாவது. வேறு எதுவாவது இத்தனை முறை ஏமாற்றியிருந்தால் மரக்காணத்தில் அதன் பெயரையே எடுக்க மாட்டார்கள். தலைவாஸ் மட்டும் விதிவிலக்கு. ஒவ்வொரு ஏலத்துக்கும் முன்னால், “இந்த வருஷம் பாரு” என்று புதுசாக ஆரம்பிப்பார்கள்.

கடந்த மே மாதக் கடைசியிலும் அப்படித்தான். மும்பையில் மே 31, ஜூன் 1 இரண்டு நாட்களும் ஏலம். அதற்கு ஒரு வாரம் முன்பிருந்தே அண்ணன் வீட்டுத் திண்ணையில் கூட்டம். அண்ணன், சித்தப்பா மகன், உப்பு லாரியில் லோடு ஏற்றுகிற இரண்டு பேர். கோடை மழை பெய்து பாத்தியிலிருந்த உப்பு கரைந்துபோயிருந்ததால் எல்லோருக்கும் நேரம் இருந்தது. பெண்களுக்கும் வேலை இல்லைதான், ஆனால் சமையல் இருந்தது.

அவர்கள் பேச்சை நான் குறைவாக மதிப்பிடவில்லை. உண்மையிலேயே விவரமான பேச்சு. பெரிய ஆளை வாங்க வேண்டும் என்று ஒரு கட்சி. அர்ஜுன் தேஷ்வால் வந்தால் ரெய்டுக்குக் கவலையில்லை என்பது அவர்கள் வாதம். இன்னொரு கட்சிக்கு அண்ணன்தான் தலைவர். “2022ல இன்னா ஆச்சு?” என்று அவர் கேட்டால் எதிர்க்கட்சி கொஞ்சம் அடங்கும். அந்த வருஷம் பவன் ஷெராவத்தை 2 கோடியே 26 லட்சம் கொடுத்து வாங்கினார்கள். முதல் ஆட்டத்திலேயே முட்டியில் அடி. சீசன் முழுக்க வெளியே. அணியைத் தூக்கி நிறுத்தியது நரேந்தர் என்கிற ஹரியானாப் பையன். புது இளம் வீரர் என்ற கணக்கில் வந்தவன், 240 ரெய்டு புள்ளிகளுக்கு மேல் எடுத்தான். தலைவாஸ் முதல்முறையாக அரையிறுதிக்குப் போனது அவனால்தான். 2024இல் சச்சின் தன்வருக்கு 2 கோடியே 15 லட்சம் கொடுத்தும் ஒன்பதாவது இடம்தான். ஆகவே அண்ணனின் கொள்கை இது: பதினெட்டு, பத்தொன்பது வயதுப் பையன்களாகப் பார்த்து எடு. முதல் வருஷம் தோற்பான், அடி வாங்குவான், எட்டாத போனஸுக்குக் காலை நீட்டி மாட்டிக்கொள்வான். விடு. “ரெண்டு வருஷம் கொடு. வளருவான்.”

தஞ்சாவூர்ப் பக்கத்துப் பையன்கள், சிவகங்கைப் பக்கத்துப் பையன்கள், ஊர்த் திருவிழா ஆட்டங்களில் பார்த்தவர்கள் என்று பெயர்கள் வந்துகொண்டே இருக்கும். ஒவ்வொருவனுக்கும் உயரம், எடை, எந்தக் கை, எந்தக் கால் என்று கணக்கு. “இவன் அப்பாவும் ஆடினவருதான்” என்று குலம் கோத்திரம்கூட உண்டு. பெண் பார்க்கப் போகிறவர்கள் இவ்வளவு அக்கறையாக விசாரித்தால் நன்றாக இருக்கும் என்று ஒருமுறை சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை.

உள்ளே வாசற்படியில் அம்மா. அம்மாவுக்குப் புள்ளிக்கணக்கு புரியாது, போர்டையும் படிக்கத் தெரியாது. ஆனால் நாற்பது வருஷம் பாத்தி மிதித்தவள். சீசன் தொடங்கும்போது களிமண் பாத்தியைக் காலால் மிதித்து இறுக்க வேண்டும். அந்த மிதி சரியில்லை என்றால் தண்ணீர் கீழே இறங்கிவிடும், உப்பு மண்ணோடு வரும். காலை எப்படி வைக்க வேண்டும், எடை எங்கே விழ வேண்டும் என்பதெல்லாம் உடம்பில் ஏறிப்போன கணக்கு. ஃபோனில் பழைய ஆட்டம் ஓடிக்கொண்டிருந்தது. அம்மா எட்டிப் பார்த்து, “இந்தப் புள்ள குதிகாலுல நிக்குது. இப்ப உழும் பாரு” என்றாள். அடுத்த ரெய்டில் கணுக்கால் பிடியில் விழுந்தான். அவள் சொன்னது திண்ணையில் யார் காதிலும் விழுந்ததாகத் தெரியவில்லை. என் அண்ணன் மகள் மட்டும் திரும்பிப் பார்த்து, “எப்டி ஆயா தெரிஞ்சுது?” என்று கேட்டாள்.

அவளைப் பற்றித்தான் நான் எழுத வந்தது.

பத்தாம் வகுப்பு முடித்திருந்தாள். பள்ளி அணியில் ரெய்டர். வலது பக்கமாக ஏறி, இடது காலைப் பின்னால் வீசித் தொட்டுவிட்டுத் திரும்புவாள். உப்பளத்து வரப்பில் ஓடி ஓடி வந்த சமநிலை அது என்பது என் எண்ணம். ஒற்றையடி அகல வரப்பு, இரண்டு பக்கமும் உப்புத் தண்ணீர். அங்கே கால் தவறினால் பாத்தி கெட்டு வசவு விழும். பதினொன்றாம் வகுப்புக்கு அரசு விளையாட்டு விடுதித் தேர்வு அந்த மாதம்தான் நடந்தது. விண்ணப்பம் என்னிடம் இருந்தது. நான் திண்டிவனத்தில் வேலை பார்க்கிறவள், இந்த மாதிரிப் படிவங்களெல்லாம் என் வழியாகத்தான் ஊருக்குள் வரும். பெற்றோர் கையெழுத்து வேண்டும்.

அண்ணன் முடியாது என்றார். கத்தவில்லை, அடிக்கவில்லை, அன்பாகவே சொன்னார். வெளியூர். அரைக்கால் சட்டை. போகட்டும், அதைக்கூட ஒத்துக்கொள்ளலாம். “முட்டி கிட்டி போயிட்டா யாரு கட்டுவா?”

அந்த வாக்கியம் எனக்குள் தங்கிவிட்டது. காரணம், முட்டி போனவன் கதையை எங்களுக்கெல்லாம் மூன்று வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தவரே அண்ணன்தான். பவன் ஷெராவத்தின் கதை அந்த முட்டியோடு முடியவில்லை. அடுத்த வருஷம், 2023 அக்டோபரில், இந்திய அணிக்குத் தலைமை தாங்கி ஹாங்சோ ஆசிய விளையாட்டில் தங்கம் வாங்கினார். அந்த மாதமே நடந்த ஏலத்தில் தெலுங்கு டைட்டன்ஸ் அவரை 2 கோடியே 60 லட்சத்து 50 ஆயிரத்துக்கு எடுத்தது. உடைந்த முட்டி ஆறி வந்தபோது அவர் விலை ஏறியிருந்தது. எங்கள் வீட்டுப் பிள்ளைக்கு முட்டி உடைவதற்கு முன்பே விலை இறங்கிவிட்டது. ஆண்பிள்ளை விலை போனால் கொண்டாட்டம். பெண்ணைப் பற்றி அதே சொல்லை எப்போது பயன்படுத்துவார்கள் என்று உங்களுக்குத் தெரியும். முப்பது வயதுவரை எங்கள் தெருவில் நானே “விலை போகாத” சரக்குதான்.

ஹாங்சோவைச் சொன்னதால் இதையும் சொல்ல வேண்டும். ஆண்கள் தங்கம் வாங்கிய அதே 2023 அக்டோபர் 7 அன்று நம் பெண்கள் அணியும் தங்கம் வாங்கியது. சீன தைபேயை 26-25 என்று ஒரே ஒரு புள்ளியில் வென்றார்கள். அந்த விளையாட்டுகளில் இந்தியாவின் நூறாவது பதக்கம் அதுதான். இரண்டு நாள் கழித்து, 9ஆம் தேதி, மும்பையில் ஆண்களுக்கான ஏலம் தொடங்கியது. பெண்களுக்கு ஏலம் ஏதும் இல்லை. புரோ கபடி நடத்துகிறவர்கள் 2016இல் ஒருமுறை பெண்களுக்கென்று மூன்று அணிகளை வைத்து ஒரு சின்னத் தொடர் நடத்தினார்கள். ஸ்டார்ம் குயின்ஸ், ஃபயர் பேர்ட்ஸை 24-23 என்று இறுதியில் வென்றது. அதற்கும் ஒரே புள்ளி வித்தியாசம்தான். விறுவிறுப்பில்லை என்று யாரும் சொல்ல முடியாது. ஆனாலும் அந்த வருஷத்தோடு அதை நிறுத்திவிட்டார்கள். இதைத் திண்ணையில் சொன்னபோது, “பாக்க ஆள் வேணுமில்ல” என்றான் சித்தப்பா மகன். மூன்று சீசன் கடைசியில் வந்த அணியை உட்கார்ந்து பார்த்தவன்.

மனிதர்களை ஏலம் விடுவதை நான் பெரிய விடுதலையாக நினைக்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் ஆணுக்கு அடிப்படை விலையே 9 லட்சம் என்று இருக்கிற இடத்தில் பெண்ணுக்குப் பட்டியலே இல்லை என்றால், அங்கே ஏலத்தின் அறம் பற்றிப் பேசுவதற்கு இன்னும் நேரம் வரவில்லை.

கையெழுத்து விஷயத்துக்கு வருகிறேன். அண்ணி அதுவரை ஒன்றும் பேசவில்லை. அண்ணி உப்புக் கூடை சுமக்கிறவள். சும்மாடு வைத்து, பாத்தியிலிருந்து அம்பாரத்துக்கு, விடியற்காலையில் தொடங்கி வெயில் ஏறும்வரை. அவளுக்கும் முட்டி வலி உண்டு, எந்த விளையாட்டும் ஆடாமலே. தட்டைக் கழுவிக்கொண்டே திண்ணைப் பக்கம் பார்த்துச் சொன்னாள்:

“தலைவாஸுக்கு எட்டு வருஷமா குடுத்துக்கினே கீற. இவுளுக்கு ரெண்டு வருஷம் குடேன்.”

லோடு ஏற்றுகிறவர்களில் ஒருவர் சிரித்துவிட்டார். அண்ணன் எழுந்து வெளியே போனார். படிவத்தில் தாய் என்ற இடத்தில் அண்ணி தன் பெயரை எழுத்துக்கூட்டி எழுதினாள். இரவு அண்ணன் வந்து பார்த்துவிட்டு, அதன் கீழே தானும் போட்டார். சமாதானமா, தோல்வியா என்று கேட்டுக்கொள்ளவில்லை நாங்கள்.

அவள் தேர்வாகவில்லை. நான்தான் கூட்டிப்போனேன். உயரமான பெண்கள் நிறைய வந்திருந்தார்கள், பாதிப் பேர் ஷூ போட்டிருந்தார்கள். மேட் மேல் வெறுங்காலோடு ஏறிய இவளுக்கு மண்ணில் வருகிற அந்தத் திருப்பம் வரவில்லை. திரும்பி வரும் பேருந்தில் கிழக்குக் கடற்கரைச் சாலை முழுக்க ஒன்றும் பேசாமல் வந்தாள். ஊர் நெருங்கும்போது, “அத்தே, மேட் வழுக்கல. புடிச்சு இழுக்குது. அதுக்குத் தனியா பழகணும்” என்றாள்.

அதே வாரம் தலைவாஸ் அர்ஜுன் தேஷ்வாலை 1 கோடியே 40 லட்சத்துக்குச் சற்று மேல் கொடுத்து எடுத்தது. பவன் ஷெராவத்தையும் 59 லட்சத்து 50 ஆயிரத்துக்குத் திரும்ப வாங்கியது. அவர் சீசன் நடுவிலேயே அணியை விட்டுப் போனார். அண்ணன் கொள்கை ஜெயித்ததாக அண்ணன் சொல்கிறார்.

அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டில் சென்னை கண்ணகி நகர் கார்த்திகா இருந்த இந்தியப் பெண்கள் அணி, இறுதியில் ஈரானை 75-21 என்று வென்றது. மாநில அரசு அவருக்கு 25 லட்சம் கொடுத்தது. அந்த வீடியோவை எங்கள் குடும்பக் குழுவில் முதலில் போட்டது அண்ணன்தான். “எப்டி பாயுது பாரு பொண்ணு” என்று எழுதியிருந்தார். நான் பதில் போடவில்லை. அண்ணி குரல் பதிவில் ஒன்று சொன்னாள்: “அந்தப் பொண்ணுக்கு யாரு கையெழுத்துப் போட்டா?”

இப்போது மழைக்காலம். அளம் முழுக்கத் தண்ணீர், வரப்பு தெரியவில்லை. ப்ளஸ் டூ முடிந்ததும் பேசலாம் என்று தூரத்து உறவில் ஒரு வரன் வந்து போயிருக்கிறது. அண்ணன் இன்னும் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அவள் பள்ளி மைதானம் காய்கிற நாட்களில் பையன்களோடு ஆடுகிறாள். அம்மா போய் ஓரமாக நின்று காலைப் பார்த்துவிட்டு வருகிறாள். மேட்டுக்கான ஷூ என்ன விலை என்று கேட்டு, நேற்று அண்ணன் எனக்கு ஃபோன் செய்தார். அளவு தெரியாது, அவளிடமே கேட்டுச் சொல் என்றார்.