ஒத்த செல்லு கடிகாரமும் என் மூணு 555-உம்

"மலருக்கு ஏதாவது எழுதிக் கொடுடா" என்று யூனியன் செயலாளர் கேட்டபோது கவிதை எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். வரவில்லை. வந்தது என் புராஜெக்ட் கதைதான். மெக்கானிக்கல், சிவில் நண்பர்களும் தைரியமாகப் படிக்கலாம். இதில் சர்க்யூட் எவ்வளவு வருகிறதோ அவ்வளவு எங்க அப்பாவும் வருகிறார்.

அப்பா ஒரு பருப்புக் குடோனில் ராத்திரி வாட்ச்மேன். மணிக்கு ஒரு தடவை சுற்றி வந்து, கேட்டுப் பக்கம் தொங்கும் தண்டவாளத் துண்டில் மணி அடிக்க வேண்டும். இரண்டு மணி தவறினால் அன்றைக்குப் பாதிச் சம்பளம் கட். பகலில் லோடு ஏற்றவும் போகிற மனுஷனுக்கு ராத்திரி மூன்று மணிக்குக் கண் எப்படி நிற்கும்? போன தீபாவளிக்கு முந்தின மாசம் மூன்று பாதிச் சம்பளம் போனது. நான்காவது தடவை, "பெரியவரே, வேற ஆள் பார்க்கட்டுமா?" என்று கேட்டுவிட்டார்கள். செல்போனில் அலாரம் வைக்கலாமே என்பீர்கள். டியூட்டிக்குள் நுழையும்போதே போனை வாங்கி வைத்துவிடுவார்கள்.

அந்த மாசம்தான் புராஜெக்ட் தலைப்புக் கொடுக்கச் சொன்னார்கள். நான் யோசிக்கவே இல்லை. மணிக்கு ஒரு தடவை கத்தும் பெட்டி என்று எழுதிக் கொடுத்தேன்.

எனக்குத் தெரிந்த ஐ.சி. 555 ஒன்றுதான். ஹான்ஸ் கமன்சிண்ட் என்பவர் 1971-ல் வடிவமைத்தது. இன்றும் நம்ம லேபில் முதலில் கையில் கொடுப்பது அதைத்தான். கீச்சொலிக்கு ஒன்று, அது விட்டு விட்டுக் கேட்க ஒன்று, ஒரு மணி நேரம் எண்ண 1000 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டரோடு ஒன்று. ஆக மூன்று. நாலு பென்சில் செல் போட்டு, சோப்பு டப்பாவில் அடைத்து அப்பாவிடம் கொடுத்தேன். கெப்பாசிட்டர் ஒழுகுவதால் அந்த 'ஒரு மணி நேரம்' ஒரு நாள் 52 நிமிஷம், ஒரு நாள் 70 நிமிஷம். அதைக்கூட அப்பா பொறுத்துக்கொண்டார். மூன்றாம் ராத்திரி பெட்டி செத்தே போனது.

காலையில் டப்பாவைத் திண்ணையில் வைத்துவிட்டுக் கேட்டார்: "ஏய்யா, செவுத்துக் கடிகாரம் ஒத்த செல்லுல வருஷம் பூரா ஓடுது. உன் மிஷினு நாலு செல்லத் தின்னுட்டு மூணு நாளு தாங்கலையே, ஏன்?"

அப்பா மூன்றாவது வரை படித்தவர். மூன்று வருஷமாக டிப்ளமோ படிக்கிற எனக்கு அந்தக் கேள்வி தோன்றவில்லை. சொல்ல வெட்கமாக இருந்தாலும் அதுதான் உண்மை.

வீட்டில் ஓடாமல் கிடந்த பழைய கடிகாரத்தைக் கழற்றினேன். உள்ளே அரிசியை விடக் கொஞ்சம் பெரிய ஒரு வெள்ளிக் குழாய். அதற்குள் கவட்டை மாதிரி ஒரு குவார்ட்ஸ் துண்டு, நொடிக்கு 32768 தடவை அதிரும். ஏன் இந்த விசித்திர எண்? அதைப் பாதியாக்கி, மறுபடி பாதியாக்கி, 15 தடவை போனால் மிச்சமில்லாமல் 1 வரும். அதாவது நொடிக்கு ஒரு துடிப்பு. 1969-ல் வந்த முதல் குவார்ட்ஸ் கைக்கடிகாரம், சீக்கோ அஸ்ட்ரானில், 8192 இருந்தது. அதுவும் இதே பாதிக் கணக்குதான்.

அப்புறம் சிடி 4060 பற்றிப் படித்தேன். கிரிஸ்டலை ஓட்டும் பகுதியும், 14 படிப் பாதியாக்கியும் ஒரே ஐ.சி.யில். நாலாம் படியில் 2048 ஹெர்ட்ஸ், கீச்சொலிக்கு அருமை. பதினாலாம் படியில் 2 ஹெர்ட்ஸ். விட்டு விட்டுக் கத்த அது போதும். சிடி 4013-ல் பாதியைப் போட்டால் 1 ஹெர்ட்ஸ். அதைச் சிடி 4040 எண்ணும். 3600 என்பது 2048, 1024, 512, 16 நான்கின் கூட்டல். அந்த நான்கு கால்களையும் டயோடு வழியாகச் சேர்த்தால் சரியாக ஒரு மணிக்குத் துடிப்பு வரும். 4013-ன் மற்றப் பாதி அதைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அப்பா எழுந்து பொத்தானை அமுக்கினால்தான் சத்தம் நிற்கும்.

கரண்ட் கணக்குதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. சிமாஸ் சர்க்யூட் சும்மா இருக்கும்போது ஏறக்குறைய ஒன்றும் சாப்பிடாது. 0-விலிருந்து 1-க்கு மாறி மாறி வரும்போதுதான் செலவு. முதல் படிக்கு ஒரு ரூபாய் செலவு என்று வையுங்கள். அடுத்தது பாதி வேகம், எட்டணா. அதற்கடுத்தது நாலணா. எத்தனை படி வைத்தாலும் மொத்தம் இரண்டு ரூபாயைத் தாண்டாது! என் மூன்று 555-ம் அப்படியில்லை. கூட்டுக்குடும்பத்தில் ஆளுக்கொரு அடுப்பு மாதிரி, ஒவ்வொன்றும் தனித்தனியாக நாலு மில்லி ஆம்பியர் தின்றன. இன்னொன்று, வோல்டேஜைப் பாதியாக்கினால் மாறும் செலவு கால்வாசியாகும். 6 வோல்ட்டை விட்டு 3 வோல்ட்டுக்கு வந்தேன். இரண்டே செல்.

எல்லாம் பேப்பரில் சரி. ரிவ்யூவுக்கு முந்தின நாள் மீட்டர் வைத்தால் 1.3 மில்லி ஆம்பியர்! கையைப் பக்கத்தில் கொண்டு போனால் முள்ளு மேலும் கீழும் ஆடுகிறது. பேய் பிடித்த மாதிரி. ஐந்து மணிக்கு லேப் பூட்ட வந்த அசிஸ்டெண்ட் அண்ணன் எட்டிப் பார்த்துவிட்டு, "டேய், வேலையில்லாத காலையெல்லாம் எங்கடா கட்டியிருக்க?" என்றார். எங்கும் கட்டவில்லை. மூன்று சத்தத்தையும் சேர்க்கப் போட்ட சிடி 4023-ல் மூன்று கேட் உண்டு. எனக்கு வேண்டியது ஒன்று. மற்ற இரண்டின் ஆறு உள்ளீடுகளும் அந்தரத்தில் தொங்கின. சிமாஸ் உள்ளீடு 0-வும் இல்லாமல் 1-ம் இல்லாமல் நடுவில் நின்றால் மேலிருந்து கீழே கரண்ட் நேராக ஓடும். ஆறையும் கிரவுண்டில் கட்டினேன். 0.28-க்கு இறங்கியது.

அந்த 0.28 ராத்திரி எல்லாம் தூங்க விடவில்லை. விடியற்காலையில்தான் பிடிபட்டது. டயோடுகளுக்கு மேலே நான் போட்ட 10 கே ரெசிஸ்டர்! நான்கு காலில் ஒன்றாவது எப்போதும் 0-வில்தான் இருக்கும், அதனால் அதன் வழியாக 0.24 மில்லி ஆம்பியர் நாள் பூரா வீணாக வடிந்துகொண்டிருந்தது. ஒரு மெக் ரெசிஸ்டராக மாற்றினேன். 0.04.

ரிவ்யூவில், "எல்லாரும் அர்டுயினோ வைக்கிறாங்க, நீ ஏன் பழைய ஐ.சி.?" என்று கேட்டார்கள். யூனோ போர்டு சும்மா இருந்தாலே 40 மில்லி ஆம்பியர் இழுக்கும் என்றேன். துறைத்தலைவர் சார் சிரித்துவிட்டு, எம்எஸ்பி 430 மாதிரி சிக்கன மைக்ரோகண்ட்ரோலர்களும் இதே வித்தைதான் செய்கின்றன, 32768 கிரிஸ்டல் எப்போதும் மெதுவாக ஓடும், வேலை வந்தால் மட்டும் வேகமான கிளாக் எழுந்து முடித்துவிட்டுப் படுத்துக்கொள்ளும் என்று விளக்கினார். மார்க் பற்றி இங்கே எழுதவில்லை. குறைவில்லை.

செல்லுக்குள் 600 மில்லி ஆம்பியர்-மணி இருக்கும் என்று வைத்தால் கணக்குப்படி 15000 மணி நேரம். ஒன்றரை வருஷத்துக்கு மேல். கத்தும் செலவும், செல் தானாக வற்றுவதும் கழித்தாலும் வருஷம் வரும் என்று அப்பாவிடம் சொன்னேன். "பாப்போம்" என்று சொல்லிவிட்டு, செல்லின் மேல் பேனாவால் தேதி எழுதி வைத்துக்கொண்டார்.

முதல் ராத்திரி நான் படுக்கவில்லை. எங்கள் தெருவுக்கு அந்தத் தண்டவாள மணி கேட்கும். பன்னிரண்டு அடித்தது. ஒன்று, இரண்டு. மூன்று மணிக்கு வாசலில் போய் நின்றேன். அம்மாவும் எழுந்து வந்து நின்றாள். போனில் 3:00 ஆனது. ஒன்றும் கேட்கவில்லை. 3:01. அம்மா என்னைப் பார்த்தாள். அப்புறம் டங், டங், டங் என்று மூன்றடி. சுற்றி முடித்துவிட்டுத்தானே அடிப்பார் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

ஐந்து மாசம் ஆகிறது, அதே செல்தான். சம்பளம் கட் ஆகவில்லை. போன வாரம் அப்பா டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "மழை பேஞ்சா இது என்னய்யா ஆகும்?" என்றார். மூடி இறுக்கமான டிபன் டப்பா ஒன்று தேடிக்கொண்டிருக்கிறேன். ஹாஸ்டலில் யாரிடமாவது பழையது இருந்தால் சொல்லுங்கள்.