‘உச்சரிப்பு தெளிவில்லை’

சென்ற பருவத்தில், முதுகலை மாணவர்களின் கருத்தரங்க உரைகளுக்கு மதிப்பெண் இடும் பொறுப்பு எனக்கு அளிக்கப்பட்டது. மணிப்பூரைச் சேர்ந்த மாணவி ஒருவரின் ஆங்கில உரைக்கு எதிரே ‘உச்சரிப்பு தெளிவில்லை’ என்று எழுதி, 20க்கு 11 இட்டேன்.

இரண்டு வாரம் கழித்து, அவ்வுரைகளின் ஒலிப்பதிவுகளை எழுத்தாக்கும் வேலையும் என்னிடமே வந்தது. அம்மாணவியின் உரையில் நான் மீண்டும் கேட்க நேர்ந்த சொற்கள் மூன்றே. மூன்றும் ஆய்வாளர்களின் பெயர்கள். நான் 16 அளித்திருந்த, தமிழ்நாட்டு மாணவர் ஒருவரின் உரையிலோ பத்துக்கும் மேற்பட்ட இடங்களில் பதிவை நிறுத்திப் பின்னோக்கிச் சென்றேன்.

மொழியியல் படித்தவன் நான். டொனால்ட் ரூபின் 1992இல் வெளியிட்ட ஆய்வைப் பற்றித் தேர்விலேயே எழுதியிருக்கிறேன். அமெரிக்க ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட ஒருவரின் குரலில் பதிவான ஒரே விரிவுரையை அவர் இரு மாணவர் குழுக்களுக்கு ஒலிக்கச் செய்தார். ஒரு குழுவுக்கு வெள்ளையினப் பெண்ணின் படம் காட்டப்பட்டது. மற்றதற்குச் சீன முகச்சாயல் கொண்ட பெண்ணின் படம். இரண்டாம் படத்தைக் கண்டவர்கள், குரலில் இல்லாத அயல் உச்சரிப்பைக் கேட்டார்கள்; விரிவுரையும் அவர்களுக்குக் குறைவாகவே புரிந்தது.

1960இல் மொன்றியாலில் வாலஸ் லாம்பர்ட் குழுவினர் நடத்திய ஆய்வு இதனினும் கசப்பானது. ஒரே ஆள் இரு மொழிகளிலும் வாசித்ததை அறியாமல், பிரெஞ்சு பேசுவோரே பிரெஞ்சுக் குரலைத் தாழ்த்தி மதிப்பிட்டனர். பெங்களூருக்கு வந்த புதிதில் என் ஆங்கிலத்தைக் கேட்டுச் சிரித்தவர்கள் உண்டு. அந்த வடு என்னை நேர்மையாளனாக்கிவிடவில்லை.

2012 ஆகஸ்டில் வதந்திகளுக்கு அஞ்சி, வடகிழக்கு மாநிலத்தவர் ஆயிரக்கணக்கில் இந்நகரை விட்டு குவாஹாட்டி ரயில்களில் ஏறினர். முகத்தைக் கொண்டே ஆளை வகைப்படுத்தும் பழக்கம் எவ்வளவு பேரச்சத்தை விளைவிக்கும் என்பதற்கு அது சான்று. அசாமியம் இந்தோ-ஆரியம், மணிப்புரி திபெத்திய-பர்மியம், காசி ஆஸ்திரோ-ஆசியம் என்று கரும்பலகையில் பிரித்துக் காட்டுபவன் நான். மதிப்பெண் தாளின் முன் அமர்ந்தபோது, அனைத்தும் ‘வடகிழக்கு’ என்ற ஒரே சொல்லுக்குள் சுருங்கிவிட்டன.

பேராசிரியரிடம் நடந்ததைக் கூறினேன். வேறொருவர் ஒலிப்பதிவுகளை மட்டும் கேட்டு மறுமதிப்பீடு செய்தார். 11 என்பது 16 ஆயிற்று. மாணவியிடம் மன்னிப்புக் கேட்டேன். “முதல் பருவத்திலிருந்தே இக்குறிப்பு வருகிறது, அண்ணா. அதனால்தான் தினமும் கண்ணாடி முன் நின்று மெதுவாகப் பேசிப் பழகுகிறேன்” என்றார்.

மதிப்பெண்ணைத் திருத்திவிட்டோம். தம்மிடம் இல்லாத குறையைப் போக்க அவர் செலவிட்ட மாதங்களைத் திருப்பித் தர வழியில்லை.

இப்போது ஒரு விதி வைத்திருக்கிறேன். ‘தெளிவில்லை’ என்று எழுதுமுன், விளங்காத சொற்களை அருகில் குறிக்க வேண்டும். குறிக்க ஒன்றும் இல்லையெனில், அக்குறிப்பை எழுத எனக்கு உரிமையில்லை. மாணவர்களின் உரைகளை மதிப்பிடும் நண்பர்கள் ஒருமுறை இதனைச் செய்து பார்க்கலாம்.