முதலில் முகவரி, பிறகு அச்சு

லினக்ஸ் ஓடும் வீட்டுக் கணினியிலிருந்து அச்சு வரவில்லை என்றதும் சந்தேகம் பிரின்டர் மேல் விழுகிறது. டிரைவரை நீக்குவதும் மீண்டும் நிறுவுவதுமாகப் பொழுது கழிகிறது. ஆனால் கோப்புக்கும் காகிதத்துக்கும் நடுவே வைஃபை, ரூட்டர், முகவரி, பெயர், அச்சு வரிசை, வடிகட்டி நிரல் என்று பல படிகள் இருக்கின்றன. எந்தப் படி பழுதானாலும் திரையில் தெரிவது ஒன்றுதான்: அச்சு வரவில்லை. அதனால் ஊகத்தை விட்டு, அடிப்படியிலிருந்து ஒவ்வொன்றாக மேலேறி வருவதே சரியான முறை.

அடிப்படி, இணைப்பும் முகவரியும். வீட்டுக் கருவிகளுக்கு ரூட்டர் கொடுக்கும் எண் முகவரி வழக்கமாக 192.168 என்று தொடங்கும். கணினியின் முகவரி 169.254 என்று தொடங்கினால் ரூட்டரிடமிருந்து பதிலே வரவில்லை என்று பொருள். அதற்கு மேல் பிரின்டரை ஆராய்வது வீண். பல பிரின்டர்களுக்கு 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபை மட்டுமே தெரியும்; வேறு அலைவரிசையில் மட்டும் இயங்கும் வைஃபையில் அவை சேராது. விருந்தினருக்கென ஒதுக்கிய வைஃபையில் சேர்ந்துவிட்ட மடிக்கணினிக்கு இணையம் தாராளமாகக் கிடைக்கும். பக்கத்து அறை பிரின்டர் மட்டும் கண்ணில் படாது. அந்த வைஃபை கருவிகளை ஒன்றிலிருந்து ஒன்று பிரித்து வைப்பதற்கென்றே அமைக்கப்படுகிறது.

இந்தச் சோதனைக்குப் பழைய பிங் கட்டளையை மிஞ்சிய கருவி இல்லை. அமெரிக்க ராணுவத்தின் ஆய்வுக்கூடமொன்றில் பணியாற்றிய மைக் மூஸ் 1983 டிசம்பரில் அதை எழுதினார். முதலில் ரூட்டரின் எண்ணுக்கு, அடுத்து வெளியுலக எண் ஒன்றுக்கு, கடைசியாக ஒரு தளத்தின் பெயருக்கு என்று மூன்று முறை பிங் அனுப்பிப் பார்த்தால் போதும். எண்ணுக்குப் பதில் வந்து பெயருக்கு வராவிட்டால், பெயரை எண்ணாக மாற்றும் டிஎன்எஸ் பக்கம்தான் கோளாறு. டிஎன்எஸ்ஸுக்கான அமைப்புக் கோப்பைத் திறந்தால் உபுண்டு போன்ற வெளியீடுகளில் 127.0.0.53 என்ற எண் இருக்கும். அதைத் தவறென்று எண்ணி அழிப்பவர்கள் உண்டு. அது கணினிக்குள்ளேயே இயங்கி, பெயரை எண்ணாக மாற்றித் தரும் சிஸ்டம்டி சேவையின் முகவரி. அங்கே இருக்க வேண்டியதுதான்.

வீடுகளில் அதிகம் படுத்துவது முகவரி மாற்றம். ரூட்டர் தரும் எண், குறிப்பிட்ட காலத்துக்கான குத்தகை மட்டுமே. மின்சாரம் போய்த் திரும்பும்போது பல ரூட்டர்கள் யாருக்கு எதைக் கொடுத்தோம் என்பதை மறந்துவிடுகின்றன. நேற்று 192.168.1.5 ஆக இருந்த பிரின்டர் இன்று 192.168.1.8 ஆகிவிடும். எண்ணைச் சொல்லி அமைத்த அச்சு வரிசையோ பழைய இடத்துக்கே கோப்பை அனுப்பிக்கொண்டிருக்கும். பிரின்டர் நலமாக இருக்கும், டிரைவரும் நலமாக இருக்கும், காகிதம் மட்டும் வராது. தீர்வு எளிது: ரூட்டரின் அமைப்புப் பக்கத்தில், பிரின்டரின் வன்பொருள் எண்ணுக்கு ஒரே முகவரியை நிரந்தரமாக ஒதுக்கிவிட வேண்டும். இது இயலாத ரூட்டரானால், 'லோக்கல்' என்று முடியும் பெயரைக் கொண்டு அவாஹி சேவை வழியாகப் பிரின்டரைத் தேடலாம். அந்தத் தேடல் 5353 என்ற போர்ட்டில் நடப்பதால் ஃபயர்வால் அதை அடைத்திருக்கக் கூடாது. மின்வெட்டு அடிக்கடி வரும் ஊர்களில், பிரின்டரை வாங்கிய அன்றே முகவரியை ஒதுக்கிவிடுவது நல்லது.

அடுத்த படி கப்ஸ் என்னும் அச்சு அமைப்பு. மைக்கேல் ஸ்வீட் 1997இல் தொடங்கிய இதை ஆப்பிள் நிறுவனம் 2002இல் தன் மேக் கணினிகளுக்கு ஏற்றுக்கொண்டது. லினக்ஸில் உலாவியைத் திறந்து சொந்தக் கணினியின் 631ஆம் போர்ட்டுக்குப் போனால் இதன் நிர்வாகப் பக்கம் வரும். இங்கே முதலில் பார்க்க வேண்டியது, வரிசை நிறுத்தி வைக்கப்பட்டிருக்கிறதா என்பது. ஒரு வேலை தோற்றதும் வரிசையையே நிறுத்திவிடும்படி கப்ஸ் அமைந்திருக்கலாம். கேபிளைச் சரிசெய்த பிறகும் அச்சு வராததற்குப் பல நேரம் இதுவே காரணம். வரிசையைத் தொடரச் சொல்லிவிட்டு, தோற்றால் மறுபடி முயலும்படி கொள்கையை மாற்றிக்கொள்ளலாம். அப்போதும் வராவிட்டால் கப்ஸின் பிழைப் பதிவைப் படிக்க வேண்டும். கோப்பைப் பிரின்டருக்குப் புரியும் வடிவத்துக்கு மாற்றும் வடிகட்டி தோற்றது என்று அதில் இருந்தால், நெட்வொர்க்கை விட்டுவிட்டு டிரைவரின் பக்கம் திரும்பலாம்.

டிரைவர் இல்லாமலே அச்சிட உதவும் ஆப்பிளின் ஏர்பிரின்ட் 2010இல் வந்தது. அதையோ ஐபிபி எவ்ரிவேர் தரத்தையோ ஏற்கும் பிரின்டருக்குத் தனி டிரைவர் தேவையே இல்லை. சிக்கல் பழைய மாதிரிகளில்தான். இந்தியக் கடைகளிலும் அலுவலகங்களிலும் நெடுங்காலம் உழைத்த எச்பி லேசர்ஜெட் 1020 தன் உள்நிரலைத் தானே வைத்துக்கொள்வதில்லை. சுவிட்சைப் போடும் ஒவ்வொரு முறையும் கணினி அதை அனுப்ப வேண்டும். அதற்கான எச்பியின் மூடிய துணைநிரல், எச்பிலிப் என்னும் எச்பியின் லினக்ஸ் அச்சுத் தொகுப்பின் அதே பதிப்பாக இருந்தாக வேண்டும். லினக்ஸைப் புதுப்பித்த மறுநாள் இந்தப் பிரின்டர் நின்றுபோனால், துணைநிரலை மறுபடி இறக்கினால் போதும்.

மூடிய நிரலால் வரும் இந்தத் தொல்லை லினக்ஸுக்கும் மூத்தது. எம்ஐடியின் செயற்கை நுண்ணறிவுக் கூடத்துக்கு ஜெராக்ஸ் கொடுத்த லேசர் பிரின்டரில் காகிதம் சிக்கினால் பயனருக்குத் தகவல் போகும்படி செய்ய அங்கே நிரலாளராக இருந்த ரிச்சர்ட் ஸ்டால்மன் விரும்பினார். மூலநிரல் அவருக்கு மறுக்கப்பட்டது. 1983இல் அவர் அறிவித்த க்னூ என்னும் கட்டற்ற மென்பொருள் திட்டத்துக்குத் தூண்டுதலான அனுபவங்களில் அதுவும் ஒன்று. பிழைப் பதிவைத் திறந்து காரணத்தை நேரே படிக்க முடிகிற இன்றைய வசதியை அந்தப் பின்னணியில் வைத்துப் பார்த்தால் அதன் அருமை புரியும்.

கோப்புச் சர்வர் பழுதானாலும் அடிப்படியிலிருந்து மேலேறும் இதே முறைதான். சேவை ஓடுகிறதா, வெளியிலிருந்து வரும் அழைப்பைக் கேட்கிறதா, ஃபயர்வால் வழிவிடுகிறதா, கோப்புறைக்கு அனுமதி உண்டா என்று பார்த்துக்கொண்டு போகலாம். ஆஸ்திரேலியாவின் ஆண்ட்ரூ ட்ரிட்ஜெல் தொடங்கிய சாம்பா என்னும் கோப்புச் சர்வரில் மட்டும் இரண்டு இடங்களில் கவனம் வேண்டும். சாம்பாவின் கடவுச்சொல் வேறு, லினக்ஸ் பயனரின் கடவுச்சொல் வேறு. ஒன்றை அமைத்தால் மற்றது தானாக அமைவதில்லை. மேலும், 2019இல் வந்த 4.11 பதிப்பு முதல் எஸ்எம்பி 1 என்னும் பழைய நெறிமுறை இயல்பாகவே அணைக்கப்பட்டிருக்கிறது. பழைய ஸ்கேனர் திடீரென்று கோப்பைச் சேமிக்க மறுத்தால் இதுவே காரணமாகலாம். 2017இல் வானாக்ரை என்னும் பணம் பறிக்கும் தீநிரல் பரவியது அந்த நெறிமுறையைக் கையாண்ட விண்டோஸ் நிரலின் ஓட்டை வழியாகத்தான். ஸ்கேனரை யுஎஸ்பி வழியாக இணைத்துக்கொள்வது அந்த நெறிமுறையை மீண்டும் திறந்துவிடுவதைவிட மேல்.

எந்தப் படியிலும் ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டுமே செய்து, செய்ததைக் குறித்துவைக்க வேண்டும். மூன்றை ஒன்றாக மாற்றி அச்சு வந்துவிட்டால், எது தீர்த்தது என்று தெரியாமல் போகும். அடுத்த முறை மூன்றையும் தேட நேரும்.

எல்லாம் சரியான பிறகு ரூட்டரை ஒருமுறை பார்த்துவிடுவது அவசியம். சோதனைக்காகத் திறந்த போர்ட்டுகள் அப்படியே கிடக்கும். 2024 செப்டம்பரில் பாதுகாப்பு ஆய்வாளர் சிமோனே மார்கரித்தெல்லி வெளிப்படுத்திய ஓட்டை, 631இல் காத்திருந்த கப்ஸின் துணைச் சேவை முன்பின் தெரியாத பிரின்டரையும் நம்பி ஏற்றுக்கொண்டதால் வந்தது. அதற்கான திருத்தங்கள் வந்துவிட்டன. கணினியைப் புதுப்பித்து அவற்றைப் பெற்றுக்கொள்ளலாம். வீட்டுப் பிரின்டருக்கு வெளி இணையத்திலிருந்து எந்த வழியும் தேவையில்லை. ரூட்டரில் 631 திறந்திருந்தால் இன்றே மூடிவிடுங்கள்.