ஓர் இரவு பொறுங்கள்!

உங்கள் வீட்டில் உப்புமா கிளற எவ்வளவு நேரம் ஆகும்? என்னதான் அவசரமானாலும் பத்து நிமிஷம் ஆகும். புதிதாக வந்த ஒரு மனிதரைப் பற்றி அபிப்பிராயம் சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? அவர் வாசலில் செருப்பைக் கழற்றி விட்டு நிமிர்வதற்குள் தீர்ப்பு எழுதி முத்திரையும் குத்தியாகிவிடும்! 'ஆள் சரியில்லை' என்றோ, 'பரம சாது' என்றோ முடிவு கட்டி விடுகிறோம். உப்புமாவுக்குக் கொடுக்கும் அவகாசத்தை மனிதனுக்குக் கொடுப்பதில்லை.

'கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய்' என்ற பழமொழி நம் எல்லோருக்கும் மனப்பாடம். ஆனால் அது நினைவுக்கு வருவதென்னவோ தீர்ப்புச் சொல்லி முடித்த பிறகுதான்.

நெசவாளர்களைப் பற்றி எழுதுவதற்காக ஒரு முறை காஞ்சிபுரம் போயிருந்தேன். பிள்ளையார்பாளையத்தில் ஒரு நெசவாளர் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து பேசிக்கொண்டிருந்தேன். அப்போது சென்னையிலிருந்து ஒரு குடும்பம் காரில் வந்து இறங்கியது. கல்யாணப் பெண், அவளுடைய தாயார், பாட்டி ஆகிய மூவரும் முகூர்த்தப் புடவையைப் பார்க்க வந்திருந்தார்கள். அரக்கு உடல், பச்சைக் கரை, பச்சை முந்தி. நெசவாளர் பாயை விரித்து, அதன் மேல் புடவையைப் பிரித்துக் காட்டினார். தறிமேடையையே பெருமையாகப் பார்த்துக் கொண்டு நின்றாள் அவர் மனைவி.

பெண்ணின் தாயார் புடவையை மேலிருந்து கீழாக ஒரு பார்வை பார்த்தார். அரக்கும் பச்சையும் சேரும் இடத்தில், முந்திக்குச் சற்று முன்னால், இரண்டு நிறமும் கலந்தாற்போல ஒரு பட்டை தெரிந்தது.

"என்ன ஐயா இது? சாயம் இறங்கியிருக்கிறதே! முகூர்த்தத்துக்கு இதை எப்படிக் கட்டுவது? எங்களுக்கு வேண்டாம்" என்றார்.

நெசவாளர் ஒரு வார்த்தை பேசவில்லை. கணவனும் மனைவியும் ஏறக்குறைய இருபது நாள் தறியில் பாடுபட்டு நெய்த புடவை அது. வேண்டாம் என்றால் வேண்டாந்தான். அதை வேறு யாருக்காவது விலை குறைத்துத் தள்ள வேண்டியதுதான். அவர் புடவையை மடிக்கத் தொடங்கினார்.

"கொஞ்சம் இருடி" என்றார் பாட்டி. புடவையை வாங்கி வாசல் வெளிச்சத்தில் பிடித்தார். திருப்பிப் போட்டுப் பார்த்தார். அந்தப் பட்டையை விரலால் தடவினார். பிறகு மகளைப் பார்த்து, "சாயம் இறங்கினால் இப்படி நூல் பிடித்த மாதிரி நேராகவா இறங்கும்? இந்தக் கரையிலிருந்து அந்தக் கரை வரைக்கும் ஒரே கோடாக இருக்கிறதே!" என்றார். நெசவாளரிடம் திரும்பி, "ஏம்பா, இது என்ன?" என்று கேட்டார்.

அதற்குப் பிறகுதான் அவர் வாய் திறந்தார். உடலுக்கு ஒரு நிறப் பாவு, முந்திக்கு வேறு நிறப் பாவு. முந்தி தொடங்கும் இடத்தில் புதிய பாவின் இழைகளைப் பழைய பாவோடு கையாலேயே இணைக்க வேண்டும். இழைகள் ஆயிரக்கணக்கில் இருக்கும். சிறிது தூரம் இரண்டு பாவும் சேர்ந்தே நெய்யப்படும். அந்த இடத்தில்தான் இரு நிறமும் கலந்து தெரியும். இந்த வேலைக்குப் 'பிட்னி' என்று பெயர். கரையை வேறு நிறத்தில் உடலோடு சேர்த்து நெய்யும் 'கோர்வை'க்கு மூன்று நாடாக்கள் வேண்டும். பக்கத்தில் ஓர் உதவி ஆளும் வேண்டும். அம்மாள் குற்றம் என்று சொன்ன அந்தப் பட்டைதான் கைவேலையின் அடையாளம்!

புடவை விலை போயிற்று. கார் புறப்பட்ட பிறகு, "முதலிலேயே சொல்லியிருக்கலாமே?" என்று நெசவாளரைக் கேட்டேன்.

"வேண்டாம் என்று சொன்னவர்களிடம் விளக்கம் சொன்னால் சாக்குச் சொல்கிறோம் என்பார்கள், ஐயா. எல்லோருமா பாட்டியைக் கூட்டிக்கொண்டு வருகிறார்கள்?" என்றார்.

அவசரத் தீர்ப்பில் உள்ள அநியாயமே இதுதான். தீர்ப்புக் கூறுகிறவருக்கு அது ஒரு விநாடிச் சமாசாரம். தீர்ப்புக்கு ஆளாகிறவருக்கோ இருபது நாள் கூலி.

கூலியோடு போனால் கூடத் தேவலை. 2018ஆம் ஆண்டு மே மாதம், திருவண்ணாமலை மாவட்டத்தில் போளூர் அருகே நடந்ததை நினைத்துப் பாருங்கள். குலதெய்வக் கோயிலுக்குக் காரில் போன ஒரு குடும்பம் வழியில் நின்றது. அதில் வந்த மூதாட்டி ஒருவர் அங்கிருந்த குழந்தைகளுக்குச் சாக்லெட் கொடுத்தார். நம் வீட்டுப் பாட்டிமார்கள் அன்றாடம் செய்கிற காரியந்தான். ஆனால் பிள்ளை பிடிக்கும் கும்பல் நடமாடுவதாக அந்த நாட்களில் கைபேசிக்குக் கைபேசி வதந்தி பறந்து கொண்டிருந்தது. கூட்டம் கூடியது, அடித்தது, மூதாட்டி உயிரிழந்தார். 'நீங்கள் யார், எங்கே போகிறீர்கள்?' என்று கேட்டு, பதிலையும் பொறுமையாகக் கேட்டிருந்தால் ஐந்து நிமிஷம் ஆகியிருக்கும். அந்த ஐந்து நிமிஷம் அவருக்குக் கிடைக்கவில்லை.

'கூட்டத்துக்கு ஏது நிதானம்? கோபம் வந்தால் யார்தான் யோசிப்பார்கள்?' என்று கேட்பீர்கள். கோபப்படுவதற்கு நம்மையெல்லாம் விட அதிகக் காரணம் இருந்த ஒருவரைக் காஞ்சிபுரத்திலேயே காட்டுகிறேன்.

642ஆம் ஆண்டில் பல்லவ மன்னர் நரசிம்மவர்மர் சாளுக்கியரின் வாதாபியைக் கைப்பற்றிய கதை உங்களுக்குத் தெரியும். 'சிவகாமியின் சபதம்' படித்தவர்களுக்கு நான் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. ஏறக்குறைய தொண்ணூறு ஆண்டுகள் கழிந்தன. சாளுக்கிய மன்னர் இரண்டாம் விக்கிரமாதித்தர் காஞ்சிக்குள் வெற்றி வீரராக நுழைந்தார். பழி வாங்க இதைவிட நல்ல சந்தர்ப்பம் ஏது? பல்லவர் இராஜசிம்மர் கட்டிய கைலாசநாதர் கோயில் செல்வத்தோடு எதிரே நின்றது. அந்தச் செல்வத்தை அவர் எடுத்துக்கொள்ளவில்லை. கோயிலுக்கே திருப்பிக் கொடுத்தார். இதைச் சொல்லும் கன்னடக் கல்வெட்டு அந்தக் கோயில் மண்டபத் தூண் ஒன்றில் இன்றும் இருக்கிறது.

அவர் மனத்தில் என்ன ஓடியதென்று கல்வெட்டுச் சொல்லவில்லை. ஆனால் 'பகைவன் ஊர், ஆகவே கொளுத்து' என்ற ஆயத்தத் தீர்ப்பை அவர் கையில் எடுக்கவில்லை என்பது தெரிகிறது. பிறகு அவருடைய அரசி லோகமகாதேவி, கணவரின் காஞ்சி வெற்றியைக் கொண்டாடுவதற்காகப் பட்டடக்கல்லில் ஒரு கோயில் எழுப்பினார். இன்று விருபாட்சர் கோயில் என்று வழங்குவது அதுதான். கைலாசநாதரைத் தரிசித்து விட்டு அங்கே போகிறவர்கள் இரண்டுக்கும் உள்ள சாயலைக் கண்டு வியப்பார்கள். கொளுத்தியிருந்தால் இரண்டு ஊருக்கும் இழப்பு. பொறுத்ததால் இரண்டு ஊருக்கும் கோயில்!

சரி, நன்றாக யோசித்து ஒரு முடிவுக்கு வந்தாயிற்று. அதன் பிறகு அதை மாற்றவே கூடாதா? இதற்கும் பதில் பக்கத்திலேயே கிடைக்கிறது. காஞ்சியிலிருந்து சுமார் 30 கிலோமீட்டர் தூரத்தில் உத்திரமேரூர் இருக்கிறது. குடவோலை முறையில் ஊர் வாரியங்களுக்கு ஆள் தேர்ந்தெடுக்கும் விதிகளை முதல் பராந்தக சோழர் காலத்தில், 919ஆம் ஆண்டில், அங்கே கல்லில் வெட்டினார்கள். வயது முப்பதுக்கு மேல், அறுபதுக்குள் இருக்க வேண்டும் என்பது ஒரு விதி. இரண்டே ஆண்டுகள் கழித்து, 921இல், சபை மறுபடியும் கூடி விதிகளைத் திருத்தியது. வயது முப்பத்தைந்துக்கு மேல், எழுபதுக்குள் என்று ஆயிற்று. அதையும் கல்லிலேயே வெட்டினார்கள். கல்லில் எழுதியதையே மறுபடி யோசித்து மாற்றியிருக்கிறார்கள். நாமோ சம்பந்தியைப் பற்றி வாயால் சொன்ன ஒரு சொல்லை இருபது வருஷம் ஆனாலும் மாற்ற மாட்டோம் என்கிறோம்!

இதைப் படித்து விட்டு எல்லாவற்றையும் தள்ளிப் போடத் தொடங்கி விடாதீர்கள். பாம்பு கடித்தால் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். வீடு பற்றிக்கொண்டால் தண்ணீர் ஊற்ற வேண்டும். யோசனை வேறு, சோம்பல் வேறு. சும்மா இருந்து நாளைக் கடத்துகிறவன் யோசிக்கிறவன் ஆக மாட்டான். காத்திருக்கும் நேரத்தில் பாட்டி என்ன செய்தார்? வெளிச்சத்தில் பிடித்தார், திருப்பிப் பார்த்தார், சம்பந்தப்பட்டவரைக் கேட்டார். இந்த மூன்றும் இல்லாத பொறுமை வெறும் தாமதம்.

பெண் பார்க்கப் போன இடத்தில் முகத்தைச் சுளிக்கும் முன், வேலைக்காரியின் மேல் திருட்டுப் பழி போடும் முன், கைபேசியில் வந்த வதந்தியை நாலு பேருக்கு அனுப்பும் முன், ஓர் இரவு பொறுங்கள். காலையிலும் அதே முடிவுதான் என்றால் தாராளமாகச் சொல்லுங்கள். ஒன்றும் குடி முழுகிவிடாது.

காஞ்சிபுரம் இட்லிக்கு மாவை ஓர் இரவு புளிக்க வைக்கிறார்கள். பிறகு மூங்கில் குடலையில் ஊற்றி நிதானமாக ஆவியில் வேக வைக்கிறார்கள். இட்லிக்கே இத்தனை மரியாதை என்றால், எதிரே நிற்கும் மனிதருக்கு ஓர் இரவு கொடுக்கக் கூடாதா?